தனியார் வேலையில் பிரசவ விடுப்பு: காகிதம், பணம், நாட்கணக்கு

என் மகள் பிறப்பதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனதைவிட கம்பெனிக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கிளை அலுவலகத்துக்கும் அலைந்ததுதான் அதிகம். பிரசவம் நவம்பரில். அந்த ஏப்ரலில் சம்பளம் 20,400-லிருந்து 22,000 ஆகியிருந்தது. கம்பெனியில் விடுப்புச் சம்பளம் கேட்டால், "நீங்க மார்ச் வரைக்கும் இ.எஸ்.ஐ.-ல இருந்தீங்கல்ல, அங்கயே போய் வாங்கிக்குங்க" என்றார்கள். அங்கே போனால், "ஏப்ரல்ல இருந்து உங்களுக்குப் பணமே கட்டலையேம்மா, கம்பெனிதான் தரணும்" என்றார்கள். ஏழு மாத வயிற்றோடு இரண்டு பஸ் மாறி, இந்த இரண்டு வாக்கியத்தையும் நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை கவுன்டரில் இருந்த ஒரு அம்மா என் பங்களிப்புப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இங்கதாம்மா வரும், ஃபாரம் குடுங்க" என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

அந்தப் பத்து நிமிட விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. தமிழ்நாட்டில் தனியார் வேலையில் இருந்துகொண்டு முதல்முறை பிரசவ விடுப்பு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. 2021 ஜூலை முதல் அவர்களுக்கு 12 மாதம்.

1. பணம் தர வேண்டியது யார்?

மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான். பே-ஸ்லிப்பை எடுங்கள். பிடித்தம் பகுதியில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடும். அந்த வரி இருந்தால் பிரசவ காலப் பணம் இ.எஸ்.ஐ.-யிலிருந்து வரும். இல்லை, சம்பளம் 21,000-க்கு மேல் என்றால் கம்பெனி தன் கையிலிருந்து தர வேண்டும். இந்தக் கடமை 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் என்னைப் போன்றவர்கள். அவர்கள் இ.எஸ்.ஐ.-யின் இரண்டு அரையாண்டுக் கணக்கைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். குழந்தை பிறக்கும் தேதி எந்தப் பலன் காலத்தில் விழுகிறதோ, அதற்குரிய பங்களிப்புக் காலத்தையும் அதற்கு முந்தைய ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டிலும் சேர்த்துக் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். இன்றைக்குப் பிடித்தம் நடக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. என் நவம்பர் பிரசவத்துக்குப் பார்க்க வேண்டியது முந்தைய அக்டோபர்–மார்ச்சும் அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரும். இரண்டிலும் முழுசாகக் கட்டியிருந்தது. ஏப்ரலில் வெளியே வந்த எனக்கு அடுத்த ஆண்டு ஜூன் வரைக்கும் இ.எஸ்.ஐ.-யில் உரிமை இருந்தது. இரண்டு பக்கத்திலும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் இ.எஸ்.ஐ.-யில்தான் இருப்பீர்கள். மே மாதம் உயர்வு வந்தால் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடர வேண்டும். ஏப்ரல் 1 முதலே உயர்வு என்றால் உடனே வெளியே. பல கம்பெனிகளில் உயர்வு ஏப்ரலில்தான் வருகிறது என்பதால் இந்தச் சிக்கல் நிறையப் பேருக்கு வருகிறது.

இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே போனால் எந்த மாதம் எத்தனை நாளுக்குக் கட்டினார்கள் என்ற பட்டியல் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் நான்கு முறையும் வெறுங்கையோடு போனேன்.

10 பேருக்குக் குறைவான கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அவர்களுக்கு மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் என்றால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு இருந்தால் அங்கேயும் மகப்பேறு உதவி கேட்கலாம்.

2. 80 நாள் கணக்கு

கம்பெனி தர வேண்டிய பணம் என்றால் விதி வேறு. எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும், கம்பெனியே வேலை இல்லை என்று நிறுத்திவைத்த லே-ஆஃப் நாட்களும் இந்த 80-க்குள் சேரும்.

"புரொபேஷன் முடியல", "ஒரு வருஷம் ஆகல", "கான்ட்ராக்ட் ஸ்டாஃப்" என்று காரணம் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் பிரசவத்துக்கு முன்பே முடிந்தாலும் பலன் பாதியில் நிற்காது என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. கல்யாணச் சான்றிதழ் கேட்டாலும் கவலைப்பட வேண்டாம். சட்டம் அதைக் கேட்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதை வைத்து "பழைய மெட்டர்னிட்டி சட்டம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1961 சட்டத்தில் இருந்த 80 நாள் கணக்கு, 26 வார விடுப்பு, 3,500 ரூபாய் மருத்துவ போனஸ், 50 ஊழியர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் எல்லாம் அப்படியே அதற்குள் வந்திருக்கின்றன.

3. பிக்மி எண்ணை 12 வாரத்துக்குள் வாங்குங்கள்

கர்ப்பத்தை அரசு சுகாதாரத் துறையில் பதிவு செய்ததும் தரும் எண்தான் பிக்மி. தனியார் டாக்டரிடம் பார்ப்பதால் இது தேவையில்லை என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிரசவத்துக்குப் பிந்தைய பணமும் இழுக்கும். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஸ்கேன் கொடுத்தால் பதிவு செய்வார். இணையத்திலும் செய்யலாம். செலவு எதுவும் கிடையாது. கர்ப்பத்தோடு அம்மா வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதாக இருந்தால் அந்த எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள். ஊர் மாறினாலும் எண் அதேதான்.

4. ஒரு ஃபைல் போடுங்கள்

நான் மஞ்சள் துணிப்பையில் எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்தேன். அவசரத்துக்கு எதுவும் கிடைக்காது. 20 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிவிடுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை:

- வேலை நியமனக் கடிதம், கடைசி 12 மாத பே-ஸ்லிப்
- கடைசி மூன்று மாதச் சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்
- வருகைப் பதிவு அல்லது பயோமெட்ரிக் பட்டியலின் நகல்
- எதிர்பார்க்கும் பிரசவ தேதி எழுதிய டாக்டர் சான்றிதழ், கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணோடு
- ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம், பிக்மி எண்
- இ.எஸ்.ஐ.-யில் இருந்தால் காப்பீட்டு அட்டை, பங்களிப்புப் பட்டியல்

இதில் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். முதலாவது இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, கம்பெனி பதிவில் இன்னொன்று. என்னுடைய கணக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இ.எஸ்.ஐ. பதிவில் பெயருக்குப் பின்னால் விரித்து எழுதியிருந்தது. பணம் மூன்று வாரம் நின்றது அதனால்தான். நான்காவது மாதத்திலேயே எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஆதாரிலிருந்து தொடங்குங்கள். மற்றவை அதைப் பின்பற்றித்தான் மாறும்.

இரண்டாவது, பிரசவ தேதி. மாதவிலக்கை வைத்து ஒரு தேதியும், ஸ்கேனில் ஒரு தேதியும் வரும். பத்து நாள்கூட வித்தியாசம் இருக்கும். எந்தத் தேதியைச் சான்றிதழில் போடுவது என்று டாக்டரிடம் ஒருமுறை முடிவு செய்துகொண்டு, எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதுங்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் தேதி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இ.எஸ்.ஐ. பலன் காலமே மாறிவிடும்.

5. விடுப்பு எந்த நாளில் தொடங்குவது?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு மொத்தம் 26 வாரம், அதாவது 182 நாள். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எடுக்காமல் விட்ட வாரம் எதுவும் வீணாகாது, பின்னால் சேரும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். அதில் முன்னால் 6 வாரம் வரை. "மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாது" என்பது தவறு.

டிசம்பர் 10 பிரசவ தேதி என்று வையுங்கள். அக்டோபர் 15-க்கு முன் விடுப்பைத் தொடங்க முடியாது. அன்றே தொடங்கினால் ஏப்ரல் 14-ல் முடியும். குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். நவம்பர் 30 வரை வேலைக்குப் போய்விட்டு டிசம்பர் 1-ல் விடுப்பைத் தொடங்கினால் மே 31 வரை இருக்கும். குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம், தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்கும் நேரம். உடம்பு தாங்குமானால் இரண்டாவதுதான் நல்லது என்பேன். ஆனால் நின்றுகொண்டே செய்யும் வேலை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் உடம்புதான் முதலில். குழந்தைக்காக நாள் சேர்க்கிறேன் என்று கடைசி வாரம் வரை மெஷினில் நின்ற ஒரு அக்காவுக்குக் கால் வீக்கமும் ரத்தக் கொதிப்பும் வந்து, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விடுப்பு தொடங்கும் முன்பும் ஒரு உரிமை இருக்கிறது. பிரசவ தேதிக்கு ஏறக்குறைய பத்து வாரம் இருக்கும்போதிலிருந்து, நீண்ட நேரம் நிற்கிற வேலையும் கடினமான வேலையும் வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் தரக்கூடாது. கேட்டால்தான். எழுதிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் எந்த வேலையும் வாங்கக்கூடாது; வீட்டிலிருந்து "சின்னதா ஒரு ரிப்போர்ட்" என்பதும் வேலைதான்.

கணவருக்குத் தனியார் துறையில் சட்டப்படி விடுப்பு எதுவும் இல்லை. அவருடைய கம்பெனி கொடுத்தால் உண்டு. அவர் ஈட்டிய விடுப்பை இப்போதிருந்தே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

6. அறிவிப்புக் கடிதம்

இந்த ஒரு கடிதத்தை விட்டுவிட்டுத்தான் பலரும் அழுகிறார்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னேன், வாட்ஸ்அப்பில் "கங்கிராட்ஸ்" என்று பதில் வந்தது என்பதெல்லாம் பிறகு உதவாது. விடுப்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் கட்டாயம்: எந்தத் தேதியிலிருந்து வரமாட்டீர்கள், பணம் உங்களுக்கா அல்லது நீங்கள் குறிப்பிடும் நபருக்கா, அந்தக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்யமாட்டீர்கள் என்ற உறுதி. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா/அம்மா, நான் உங்கள் நிறுவனத்தில் ____ பிரிவில் ____ முதல் பணிபுரிந்து வருகிறேன். பணியாளர் எண் ____. எனக்கு ____ அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன். ____ முதல் 26 வாரம் மகப்பேறு விடுப்பில் இருப்பேன். இக்காலத்துக்குரிய மகப்பேறு பலனை என் பெயரில் உள்ள ____ வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், நான் பெற இயலாத நிலையில் ____ அவர்களிடம் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் பணிபுரிய மாட்டேன் என உறுதியளிக்கிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் அங்கேயே சண்டை வேண்டாம். அதையே ஸ்கேன் செய்து அலுவலக மின்னஞ்சலுக்கும், உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு நகலும் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒன்று அனுப்பி ரசீதை ஃபைலில் வையுங்கள்.

முன்பே கொடுக்க முடியாமல் வலி வந்துவிட்டதா? பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தாலும் உரிமை போகாது.

இ.எஸ்.ஐ.-யில் இருப்பவர்கள் கம்பெனிக்கு இதே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, டிஸ்பென்சரியில் கர்ப்பத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். பணத்துக்கான விண்ணப்பத்தைக் கிளை அலுவலகத்திலோ இணையத்திலோ கொடுக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாலும் விடுப்புப் பணம் போகாது. ஆனால் அந்தச் சான்றிதழ்களை உங்கள் டிஸ்பென்சரி டாக்டர் ஏற்க வேண்டியிருக்கும், எனவே அவர் முகம் தெரிந்தவராக இருப்பது நல்லது. ஐந்தாவது மாதத்துக்குள் ஒருமுறையாவது அங்கே போய்ப் புத்தகத்தில் பதிவு போட்டுவிடுங்கள். நீங்கள் வேலைக்கு வரவில்லை, சம்பளம் வாங்கவில்லை என்று கம்பெனி உறுதி சொன்ன பிறகுதான் பணம் வரும். அந்த உறுதி கம்பெனி மேஜையில் தூங்கும். வாரம் ஒருமுறை கேட்க ஒரு தோழியிடம் சொல்லிவைத்துப் போங்கள்.

7. எவ்வளவு வரும், எப்போது வரும்

விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி தினக்கூலிதான் அடிப்படை. அதனால் அந்த மூன்று மாதத்தில் சம்பளமில்லா விடுப்பு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பே-ஸ்லிப்பில் குழப்பம் குறையும். இ.எஸ்.ஐ.-யிலும் சராசரி கூலி முழுவதும், 100 சதவீதம்.

தினக்கூலியிலும் வாரக்கூலியிலும் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தினம் 500 ரூபாய், ஞாயிறு சம்பளமில்லை. கம்பெனி வாரத்துக்கு 6 நாள் போட்டு 26 × 6 = 156 நாள், 78,000 ரூபாய் என்று செக் நீட்டும். சரியான கணக்கு 26 × 7 = 182 நாள், 91,000 ரூபாய். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி தொடங்கிய வழக்கில், சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லியிருக்கிறது. 13,000 ரூபாய் என்பது குழந்தைக்கு எத்தனை மாதச் செலவு!

பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான பணத்தைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். நடைமுறையில் பல கம்பெனிகள் மாதாமாதம் சம்பளம்போலப் போடுகிறார்கள்; தவறாமல் வந்தால் பிரச்சனை இல்லை. பிரசவச் சான்று கொடுத்த தேதியை மட்டும் மின்னஞ்சலில் பதிந்து வையுங்கள்.

கம்பெனி இலவச மருத்துவ வசதி செய்து தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் தனியாகத் தர வேண்டும். கேட்டாலொழிய யாரும் தருவதில்லை. இ.எஸ்.ஐ.-யில் இருந்து, அதன் மருத்துவ வசதி இல்லாத ஊரில் பிரசவம் நடந்தால் 7,500 ரூபாய் பிரசவச் செலவு கேட்கலாம்.

குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தால் சிசேரியனுக்கு வரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தையின் பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்ற இரண்டு கேள்வியை ஹெச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள். என் குழந்தைக்கு மஞ்சள் காமாலைக்கு மூன்று நாள் லைட் வைத்தார்கள். பெயர் சேர்க்காததால் அந்த பில் முழுக்க எங்கள் கையிலிருந்து.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும், ஆனால் அம்மா அப்பா பெயரின் எழுத்துகளை டிஸ்சார்ஜுக்கு முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். இனிஷியலையும்.

எல்லாப் பிரசவமும் நல்லபடியாக முடிவதில்லை. கரு கலைந்தாலோ மருத்துவக் காரணத்தால் கலைக்க நேர்ந்தாலோ, அந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றால் உடல்நலக் குறைவு என்று டாக்டர் எழுதினால் மேலும் ஒரு மாதம் வரை. இதைப் பலர் கேட்பதே இல்லை. "என்னத்தச் சொல்லிக் கேக்குறது" என்று இரண்டாம் நாளே வேலைக்கு வந்து நிற்கிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். சான்றிதழில் காரணத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும், பிரிவில் உள்ள எல்லோருக்கும் விளக்க வேண்டியதில்லை.

8. ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்

"இப்போதைக்கு ரிசைன் பண்ணிடுங்க, குழந்தை பிறந்து வந்தப்புறம் மறுபடி சேத்துக்கறோம்." அன்பாகத்தான் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட அந்த நொடியில் 26 வாரச் சம்பளமும் இத்தனை ஆண்டு சர்வீஸும் கைவிட்டுப் போகும். வெற்றுத் தாளில் கையெழுத்து, பிரசவ காலத்தில் சம்பளம் வேண்டாம் என்ற ஒப்புதல், திரும்பி வந்து இத்தனை ஆண்டு இருப்பேன் என்ற பாண்ட், எதிலும் போடாதீர்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒப்புதலோ பாண்டோ ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் மனதைத் தளரவிடாதீர்கள். சட்டம் கொடுத்த உரிமைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது.

விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவதும், சம்பளத்தையோ பதவியையோ உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். கர்ப்பம் என்று தெரிந்து முன்கூட்டியே நீக்கினாலும் பலன் போகாது. நீக்கிய உத்தரவு வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. அந்த 60 நாள் பச்சை உடம்போடு படுத்திருக்கும்போதே ஓடிவிடும், எனவே கடிதம் வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுக் கணவரிடமோ அண்ணனிடமோ பொறுப்பைக் கொடுங்கள்.

விடுப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை செய்தால் பலனை இழப்பீர்கள். ஆன்லைன் டியூஷன், பகுதிநேரக் கணக்கு எழுதுவது எதுவாக இருந்தாலும் அந்த மாதங்களில் வேண்டாம்.

9. திரும்பிப் போகும் முன்

ஒரு மாதம் முன்பே ஒரு மின்னஞ்சல்: இன்ன தேதியில் வருகிறேன், அதே பிரிவு, அதே சம்பளம் என்று உறுதிசெய்யுங்கள். அதிலேயே கீழே உள்ள மூன்று விஷயத்தையும் கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு. இதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது.

50 அல்லது அதற்கு மேல் ஊழியர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தினம் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம், ஓய்வு இடைவேளை இதில் அடக்கம். 50 என்பது பெண்கள் எண்ணிக்கை இல்லை, மொத்த ஊழியர் எண்ணிக்கை. "லேடீஸ் பத்து பேர்தான், அதனால கிரெச் கிடையாது" என்று என்னிடமே சொன்னார்கள். காப்பகம் இருக்கிறது என்றால் குழந்தையோடு சேருவதற்கு முன் ஒரு மத்தியான வேளையில் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் கதவில் பலகை இருந்தது, உள்ளே பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்கள் அடுக்கியிருந்தன. தண்ணீர், பால் வைக்க ஃபிரிட்ஜ், கழிவறைக்கு உள்வழி, எத்தனை குழந்தைக்கு ஒரு ஆயா, மாலை எத்தனை மணிவரை என்று கேளுங்கள். ஆயாவின் முகத்தையும் அங்கிருக்கும் குழந்தைகள் அவரிடம் ஓடுகிறார்களா என்பதையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

வேலையின் தன்மை இடம் கொடுத்தால், 26 வாரத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பேசி முடிவு செய்யலாம். இது கம்பெனி சம்மதித்தால்தான். உரிமையாகக் கோர முடியாது. சம்மதித்தால் எத்தனை மாதம், சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இந்த உரிமைகள் எல்லாவற்றையும் வேலையில் சேரும்போதே பெண்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. உங்கள் நியமனக் கடிதத்தோடு அப்படி எதுவும் வரவில்லை என்றால் அதையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதலாம். நான் எழுதியபோது ஹெச்.ஆரின் குரலே மாறியது.

10. தரமாட்டேன் என்றால்

முதலில் ஹெச்.ஆருக்கு எழுத்தில் ஒரு நினைவூட்டல், 7 நாள் கெடு. பதில் இல்லை என்றால் புகார்.

கடை, அலுவலகம், ஐ.டி. நிறுவனம், ஆஸ்பத்திரி, பள்ளி என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுங்கள், உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: சேர்ந்த தேதி, அறிவிப்புக் கொடுத்த தேதி, குழந்தை பிறந்த தேதி, வர வேண்டிய தொகை, வந்த தொகை. பின்னால் ஃபைலில் உள்ள நகல்கள். விசாரித்துப் பணத்தைத் தரச் சொல்லி உத்தரவிட ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

வழக்குவரை போனால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தொலைபேசி 15100. கைக்குழந்தையோடு போனால் காலை பத்தரைக்கு முன் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் காத்திருப்பு நீளும்.

இ.எஸ்.ஐ. பணம் இழுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், நிராகரித்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். "வராதும்மா" என்று கவுன்டரில் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எனக்கு நான்கு முறை சொன்னார்கள். விண்ணப்பம் உள்ளே போன ஐந்தாவது வாரம் முதல் தவணை கணக்கில் ஏறியது, அன்றைக்கு என் மகளுக்கு 12 நாள்.